உஷார்! கிளினிக் சொல்லும் நன்றியில் கசிகிறது உங்கள் ரகசியம்

“வணக்கம் மேடம். உங்கள் தோழியை எங்களிடம் அனுப்பி வைத்ததற்கு மனமார்ந்த நன்றி. அவர் இன்று சிகிச்சையைத் தொடங்கிவிட்டார். அடுத்த முறை நீங்கள் வரும்போது கன்சல்டேஷன் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி.”

இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தால் என்ன செய்வீர்கள்? கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாகத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். போகாதீர்கள். இன்னொரு தரம் படியுங்கள். அனுப்பியது குழந்தையின்மை சிகிச்சை மையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தோழி உங்களிடம் டாக்டர் பெயரை மட்டும்தான் கேட்டார். “யாருக்கோ கேட்டாங்க” என்றுகூடச் சொல்லியிருப்பார். தான் போகப்போவதாகச் சொல்லவில்லை. போய் வந்ததையும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் காத்துக்கொண்டதை கிளினிக் ஒரே வரியில் உங்களுக்குச் சொல்லிவிட்டது. அதுவும் நன்றி என்ற பெயரில்.

மருத்துவ ரகசியம் வெளியேறுவது என்றால் நமக்கு ஹேக்கர்களும் திருடுபோன கம்ப்யூட்டர்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அதெல்லாம் நடக்கிறதுதான். ஆனால் நம் ஊர் கிளினிக்குகளில் அன்றாடம் ரகசியம் போகும் வழி அதுவல்ல. ரிசப்ஷனில் சிரித்த முகத்தோடு கேட்கப்படும் “யார் சொல்லி வந்தீங்க?” என்ற கேள்வியிலும், அதற்கு நீங்கள் சொல்லும் பதிலிலும், அந்தப் பதிலை வைத்து அவர்கள் இன்னொருவருக்கு அனுப்பும் நன்றியிலும்தான் அது போகிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. கெட்ட எண்ணம் இருந்தால் யாராவது தடுப்பார்கள்.

ஒருவர் இன்ன மருத்துவரிடம் போனார் என்ற தகவலே ரகசியம்தான். நோயின் பெயரைச் சொன்னால்தான் ரகசியம் உடைகிறது என்று பல மருத்துவமனை ஊழியர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். “நாங்க எதுக்கு வந்தாங்கன்னு சொல்லலையே, வந்தாங்கன்னுதானே சொன்னோம்” என்பார்கள். மனநல மருத்துவரின் கிளினிக்குக்கு ஒருவர் எதற்குப் போவார்? குடிபோதை மறுவாழ்வு மையத்துக்கு? பால்வினை நோய் மருத்துவரிடம்? வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப் பலகையே நோயைச் சொல்லிவிடுகிறது. பொது மருத்துவரானாலும் வாரத்துக்கு மூன்று முறை போய் வந்தார் என்றால் பக்கத்து வீடு கணக்குப் போட்டுவிடும்.

இந்த நன்றியில் இரண்டு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். புதிதாக வந்தவரைப் பற்றிய செய்தி, அனுப்பியவருக்குப் போகிறது. இது ஒன்று. அனுப்பியவரைப் பற்றிய செய்தி, புதிதாக வந்தவருக்குப் போகிறது. இது இரண்டாவது. பெரும்பாலும் யாரும் கவனிக்காதது இந்த இரண்டாவதைத்தான். ஓரகத்தி சொன்னார் என்று ஒரு பெண் டாக்டரைப் பார்க்கப் போகிறார். ஃபாரத்தில் ஓரகத்தியின் பெயரை எழுதுகிறார். ரிசப்ஷனில் இருப்பவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “ஓ, அவங்க சொல்லி வந்தீங்களா! அவங்களுக்கு ரெண்டாவது தடவையிலேயே பலன் கெடைச்சுது. உங்களுக்கும் கண்டிப்பா நல்லபடியா நடக்கும்.” ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் ஓரகத்தி வீட்டில் சொல்லியிருந்தது “மாதவிலக்குப் பிரச்னைக்குப் பார்த்தேன், நல்ல டாக்டர்” என்று மட்டும். அவர் பிள்ளை ஐ.வி.எஃப். மூலம் பிறந்தது என்று மாமியாருக்குக்கூடத் தெரியாமல் இருக்கலாம். இனி தெரியும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் காதில் விழுந்த செய்தி ஒருவரோடு நிற்பதில்லை.

ஒருவர் தன் டாக்டரை இன்னொருவருக்குச் சொல்வது அவர் விருப்பம். எவ்வளவு சொல்வது, எந்த அளவோடு நிறுத்துவது என்பதும் அவர் விருப்பம். டாக்டரின் பெயரைச் சொன்னதால் தன் ஃபைலைத் திறந்து காட்டச் சம்மதித்துவிட்டார் என்று ஆகாது. இந்த வித்தியாசம் மருத்துவமனைகளுக்குப் புரியாதவரை நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

கைப்பேசி விஷயத்துக்கு வருவோம். நம் வீடுகளில் எத்தனை பெண்கள் ஓ.பி. பதிவில் கணவரின் எண்ணைக் கொடுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வயதானவர்கள் மகனின் எண்ணைக் கொடுக்கிறார்கள். கல்லூரிப் பெண்ணின் பெயருக்கு நேரே அப்பாவின் எண் இருக்கிறது. ஆக, “உங்கள் தோழி வந்தார், நன்றி” என்ற செய்தி அந்தத் தோழியை அனுப்பிய பெண்ணுக்குப் போவதில்லை. அவர் கணவருக்குப் போகிறது. அவர் அதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் தோழியின் கணவரிடமே “என்னங்க, வீட்ல உடம்பு சரியில்லையா?” என்று அக்கறையாக விசாரிப்பார். தோழி தன் கணவரிடமே சொல்லாமல் போயிருந்தால்? வீட்டில் அடி வாங்கும் பெண் ஒருத்தி, பக்கத்து வீட்டக்கா சொன்னதால் துணிந்து ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கப் போயிருந்தால்? அந்த ஒரு செய்தி அன்று இரவு அவளை என்ன பாடுபடுத்தும் என்று யோசிக்க வேண்டாமா?

இதைவிட மோசம் கிளினிக்குகளின் வாட்ஸ்அப் குழுக்கள். ‘எங்கள் குடும்பம்’ என்ற மாதிரி பெயர் வைத்து, பழைய நோயாளிகள், புதிய நோயாளிகள் எல்லோரையும் கேட்காமலே சேர்த்துவிடுகிறார்கள். அதில் யாரை யார் அழைத்து வந்தார் என்று பாராட்டு வேறு. குழுவில் உள்ள ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். எண்ணைத் தட்டினால் பெயர் காட்டும் செயலிகள் பலரின் கைப்பேசியில் இருக்கின்றன. ஒரு தோல் மருத்துவமனையோ மூல நோய் மருத்துவமனையோ தன் நோயாளிகளின் முழுப் பட்டியலையும் அச்சடித்துத் தெருவில் கொடுத்தால் நாம் கொதித்துப் போவோம். குழுவில் சேர்ப்பதும் அதே வேலைதான்.

இப்போது தள்ளுபடிக்கு வருகிறேன். இதுதான் இந்த விஷயத்தின் வேர் என்பது என் கருத்து. ‘நண்பரை அழைத்து வாருங்கள், பரிசு பெறுங்கள்’ என்ற திட்டம் உணவு டெலிவரி செயலியிலும் பணப் பரிமாற்றச் செயலியிலும் இருக்கிறது. அங்கிருந்து பல் கிளினிக், முடி மாற்று சிகிச்சை, தோல் அழகு சிகிச்சை, குழந்தையின்மை மையம் என்று பரவிவிட்டது. கொஞ்சம் யோசித்தால் தெரியும், இந்தத் திட்டம் ரகசியத்தை உடைக்காமல் நடக்கவே முடியாது. பரிசு கொடுக்க வேண்டுமானால் யார் யாரை அனுப்பினார் என்று பதிய வேண்டும். அனுப்பப்பட்டவர் உண்மையிலேயே வந்தாரா என்று சரிபார்க்க வேண்டும். வந்து பணம் கட்டிய பிறகுதான் பரிசை வரவு வைப்பார்கள். ஆக, பரிசு வந்த செய்தியே, அவர் வந்து பணம் கட்டினார் என்ற செய்தி.

“நாங்கள் பெயர் போடுவதில்லையே” என்று சிலர் சொல்லக்கூடும். “நீங்கள் பரிந்துரைத்த ஒருவருக்காக 500 ரூபாய் வரவு வைக்கப்பட்டது” என்று மட்டும் அனுப்புவார்கள். நீங்கள் அந்த மாதத்தில் ஒரே ஒருவரிடம்தான் அந்த டாக்டரைப் பற்றிச் சொன்னீர்கள் என்றால், பெயர் எதற்கு? பெயர் இல்லாமலே முகம் தெரிகிறது. பில் தொகையில் இத்தனை சதவீதம் என்று பரிசு கொடுக்கும் இடங்களில் நிலைமை இன்னும் கெடுதல். வந்த தொகையைத் திருப்பிக் கணக்குப் போட்டால் உங்கள் தங்கைக்கு எவ்வளவு பில் ஆனது என்று தெரிந்துவிடும். அந்த கிளினிக்கின் கட்டணப் பட்டியலைப் பார்த்தவருக்கு அது பல் சுத்தம் செய்ததா, இம்ப்ளான்ட் வைத்ததா என்பதும் தெரிந்துவிடும். ஐ.வி.எஃப். ஒரு சுற்றுக்கு ஆகும் செலவும் ஒரு ஸ்கேனுக்கு ஆகும் செலவும் ஒன்றா என்ன?

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. மருத்துவர் இப்படிப் பரிசு கொடுப்பதே விதிமீறல். இந்திய மருத்துவக் கவுன்சிலின் தொழில் நடத்தை, ஒழுக்க நெறி விதிமுறைகள் 2002-ஆம் ஆண்டு வந்தவை. அவற்றின் 6.4 பிரிவு, நோயாளியைப் பரிந்துரைத்ததற்காகவோ பிடித்துக் கொடுத்ததற்காகவோ மருத்துவர் எந்தப் பரிசும், அன்பளிப்பும், கமிஷனும், போனஸும் கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது, தருகிறேன் என்று சொல்லவும் கூடாது என்கிறது. 7.19 பிரிவு, நோயாளிகளைப் பிடித்துவர ஏஜென்ட்டுகளை வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. ஸ்கேன் சென்டர்களிடமிருந்து டாக்டர்கள் வாங்கும் கமிஷனைப் பற்றிப் பேசும்போது இந்த விதியை எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். நோயாளிக்கே கமிஷன் கொடுத்து அவரை ஏஜென்ட் ஆக்கும்போது மட்டும் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

இந்த விதிகள் பழையவை, செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கவுன்சிலின் இடத்தில் வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட்டில் புதிய நடத்தை விதிகளைக் கொண்டுவந்தது. எதிர்ப்பு எழுந்ததால் அதே மாதத்திலேயே அவற்றை நிறுத்தி வைத்துவிட்டு, 2002 விதிகளுக்கே திரும்பிவிட்டது.

அதே 2002 விதிகளின் 7.14 பிரிவுதான் நமக்கு முக்கியமான கவசம். தொழில் நிமித்தம் தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது. விலக்கு மூன்றே மூன்று. நீதிமன்றத்தில் நீதிபதி உத்தரவிட்டால் சொல்லலாம். குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான, தெளிவாகத் தெரிந்த ஆபத்து இருந்தால் சொல்லலாம். அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்கள் என்றால் சொல்லலாம். நன்றி சொல்வதற்காகச் சொல்லலாம் என்று நான்காவது விலக்கு எதுவும் இல்லை.

ஆபத்து என்ற விலக்கு எவ்வளவு கனமான சூழலுக்கானது என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதன் தொடக்கம் நம் சென்னையில். நாகாலாந்தைச் சேர்ந்த அரசு மருத்துவர் ஒருவர், சிகிச்சைக்கு வந்த ஒருவருக்குத் துணையாக 1995-இல் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்தார். ரத்தம் கொடுத்தார். பரிசோதனையில் அவருக்கு எச்.ஐ.வி. தொற்று தெரிந்தது. அந்தச் செய்தி வெளியே போய், நிச்சயிக்கப்பட்டிருந்த அவர் திருமணம் நின்றது. ஊரார் ஒதுக்கியதால் சொந்த ஊரை விட்டே அவர் கிளம்ப வேண்டியதாயிற்று. அவர் தொடுத்த வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவ ரகசியம் காக்கப்பட வேண்டிய கடமை என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் மணமகளாக வர இருந்தவரின் உயிருக்கு ஆபத்து இருந்ததால், அந்த ஒரு காரணத்தால், மருத்துவமனை பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பின் மீது பல விமர்சனங்கள் உண்டு. அது இருக்கட்டும். ஒரு உயிர் போகும் அபாயம் இருந்தபோதுதான் ரகசியத்தைத் திறக்க நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. நம் கிளினிக்குகளோ பத்து சதவீதத் தள்ளுபடிக்காகத் திறக்கின்றன.

சில சிகிச்சைகளுக்குச் சட்டம் இன்னும் கடுமையாகக் காவல் போட்டிருக்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-இல் சேர்த்த 5ஏ பிரிவின்படி, கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரையோ விவரங்களையோ மருத்துவர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சட்டப்படி அதிகாரம் பெற்றவரிடம் மட்டுமே சொல்லலாம். எச்.ஐ.வி., எய்ட்ஸ் தொடர்பான 2017 சட்டம், ஒருவரின் தொற்று நிலையை அவர் எழுத்துபூர்வமாகச் சம்மதிக்காமல் வெளியிடுவதைத் தடை செய்கிறது. அதே ஆண்டு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநலம், சிகிச்சை, உடல்நலம் பற்றிய ரகசியம் நோயாளியின் உரிமை என்கிறது. செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் 2021 சட்டமும் தம்பதியின் விவரங்களை ரகசியமாக வைக்கும் கடமையை மையங்களின் மீது சுமத்தியிருக்கிறது. சுவரெங்கும் குழந்தைப் படங்களும் அடியில் பெற்றோர் பெயர்களும் மாட்டி வைத்திருக்கும் மையங்கள் எல்லாம் ஒவ்வொரு படத்துக்கும் சம்மதம் வாங்கியிருக்கின்றனவா? கேளுங்கள்.

தரவு பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வருகின்றன. அதன் அடிப்படை எளிமையானது. எந்த வேலைக்காகத் தகவலை வாங்கினீர்களோ அந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். சம்மதம் தெளிவாக, தனியாக, கட்டாயமில்லாமல் இருக்க வேண்டும். சிகிச்சைக்காகக் கொடுத்த கைப்பேசி எண்ணை விளம்பரத்துக்கும் நன்றி மடலுக்கும் எடுத்துக்கொள்வது இந்தக் கணக்கில் எப்படிச் சேரும்? அதுவரை ஒன்றுமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த விதிகள், உடல்நலம், மனநலம், மருத்துவப் பதிவுகள் ஆகியவற்றை நுண்ணிய தனிநபர் தகவல்கள் என்று ஏற்கெனவே வகைப்படுத்தி, முன்அனுமதி இல்லாமல் மூன்றாமவருக்குத் தரக் கூடாது என்கின்றன.

அமெரிக்காவில் இருக்கும் நம் உறவினர்களைக் கேட்டால் ‘ஹிப்பா’ என்பார்கள். நோயாளியின் தகவலைக் காக்க வழி செய்யும், 1996-இல் வந்த சட்டம் அது. அங்கே ஒருவர் தங்கள் நோயாளி என்று ஒப்புக்கொள்வதற்கே கிளினிக்குகள் தயங்கும். காரணம், தண்டனை உண்மையிலேயே விழுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பிசியோதெரபி நிலையம், நோயாளிகளின் பாராட்டுகளை அவர்கள் பெயரோடும் படத்தோடும், முறையான அனுமதி இல்லாமல் இணையத்தில் போட்டது. 2016-இல் 25,000 டாலர் கட்ட நேர்ந்தது. டல்லாஸில் ஒரு பல் மருத்துவமனை, இணையத்தில் குறை எழுதிய நோயாளிக்குப் பதில் எழுதும்போது அவர் சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லிவிட்டது. 2019-இல் 10,000 டாலர். நியூ ஜெர்சியில் ஒரு மனநல மையம் இதே தவறுக்கு 2023-இல் 30,000 டாலர் கட்டியது. பாராட்டு ஆனாலும் பதில் ஆனாலும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். இங்கே கூகுளில் நல்ல வார்த்தை எழுதுபவருக்கு “நன்றி சார், உங்கள் பைல்ஸ் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி” என்று பதில் போடும் மருத்துவமனைகள் இதைக் கவனித்தால் நல்லது.

நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்யாண விசாரணை. பெண்ணைப் பற்றியும் மாப்பிள்ளையைப் பற்றியும் இரு வீட்டாரும் நாலு இடத்தில் விசாரிப்பது வழக்கம். விசாரிக்கத் தெரிந்தவர்கள் கிளினிக்குக்கு நேரே போன் செய்து “அந்தப் பெண்ணுக்கு என்ன நோய்?” என்று கேட்கமாட்டார்கள். “எங்க வீட்டுப் பொண்ணுதாம்மா, நாங்கதான் உங்க டாக்டர்கிட்ட அனுப்பினோம். வந்துச்சா? எப்ப மறுபடி வரச் சொல்லியிருக்கீங்க?” என்பார்கள். அனுப்பியவர் என்றதும் ரிசப்ஷனில் பெரும்பாலும் கதவு திறந்துவிடுகிறது. “ஆமாங்க, போன வாரம் வந்தாங்க, வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கு.” முடிந்தது. அனுப்பியவருக்கு நன்றி சொல்லும் பழக்கம், வேவு பார்க்க வருபவருக்கு வழிவிடும் பழக்கமாகிவிட்டது. சந்தேகப்படும் கணவர், சொத்துக்காக அண்ணனின் மனநிலையைத் துருவும் தம்பி, விடுதியில் இருக்கும் மகளைக் கண்காணிக்கும் பெற்றோர் எல்லோரும் இந்த வழியில் வரலாம்.

இந்த இடத்தில் ரிசப்ஷனில் இருப்பவர்களுக்கு நுட்பமான ஒன்றைச் சொல்ல வேண்டும். வராதவரைப் பற்றிக் கேட்டால் “அப்படி யாரும் வரலை” என்று சொல்லிவிட்டு, வந்தவரைப் பற்றிக் கேட்டால் மட்டும் “சொல்ல முடியாது” என்றால், அந்த மறுப்பே பதிலாகிவிடும். வந்தாலும் வராவிட்டாலும் பதில் ஒன்றாகவே இருக்க வேண்டும்: “இங்கே யார் வந்தாங்க, வரலைங்கறதை நாங்க யார்கிட்டயும் சொல்றதில்லைங்க. நீங்க அவங்களையே கேட்டுக்குங்க.” யார் கேட்டாலும் இதுதான். நல்லவர்போல் தெரிந்தாலும் இதுதான்.

நன்றியே சொல்லக் கூடாதா என்று மருத்துவர்கள் கேட்கலாம். பரிந்துரைத்தவரை மதிப்பது நம் பண்பாடு, அதை யாரும் குறை சொல்லவில்லை. “உங்க மேல நம்பிக்கை வெச்சு நாலு பேர்கிட்ட சொல்றோம் டாக்டர்” என்று நோயாளியே அடுத்த முறை வந்து சொல்லும்போது “ரொம்ப நன்றிம்மா” என்று சொன்னால் போதும். யார் வந்தார், எப்போது வந்தார் என்ற பேச்சே அதில் வராது. எல்லா நோயாளிகளுக்கும் பொதுவாக, எந்த வருகையோடும் ஒட்டாமல், பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அனுப்பலாம், அதுவும் சம்மதித்தவர்களுக்கு மட்டும். குறிப்பிட்ட ஒருவர் வந்ததற்குப் பதிலாக, அவர் வந்த நாளை ஒட்டி, குறிப்பிட்ட இன்னொருவருக்குப் போகும் எந்தச் செய்தியும் கூடாது. தள்ளுபடித் திட்டத்தை அடியோடு நிறுத்துவதைத் தவிர அதைச் சரிசெய்ய வேறு வழி இல்லை.

குடும்ப மருத்துவர் கடிதம் கொடுத்து நிபுணரிடம் அனுப்புவது வேறு சமாச்சாரம். அங்கே நிபுணர் பதில் கடிதம் எழுதுவது சிகிச்சைக்காக. நோயாளியும் தெரிந்தே அந்தக் கடிதத்தோடு போகிறார். அதை இதோடு சேர்த்துக் குழப்பி, “டாக்டருக்கு டாக்டர் சொல்வதில்லையா” என்று வாதம் செய்வோரிடம் ஏமாற வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை நிறைய இல்லை. ஆனால் இன்றே செய்ய வேண்டியவை. ஃபாரத்தில் ‘பரிந்துரைத்தவர் பெயர்’ என்ற கட்டம் இருந்தால் காலியாக விடுங்கள். சிகிச்சைக்கும் அந்தக் கட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. வற்புறுத்தினால் “நண்பர் ஒருத்தர் சொன்னார்” என்று நிறுத்திக்கொள்ளுங்கள். “அவங்க இங்கதான் பார்க்கறாங்களா?” என்று நீங்களும் கேட்காதீர்கள், உங்களுக்கு வழிகாட்டியவரின் ரகசியம் உங்கள் வாயாலும் காக்கப்பட வேண்டும். உங்கள் எண்ணையே கொடுங்கள். கணவர் எண், மகன் எண் வேண்டாம். உங்களுக்கென்று தனிப் பேசி இல்லாவிட்டால் “இந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்பாதீங்க, நான் நேர்ல வந்து கேட்டுக்கறேன்” என்று சொல்லி, அதை ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். எழுதுவதை நின்று பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் யார் நம்மைச் சேர்க்கலாம் என்பதைத் தீர்மானிக்க அந்தச் செயலியின் அமைப்பிலேயே வசதி இருக்கிறது. அதை மாற்றி வையுங்கள். பூட்டிய திரையில் செய்தியின் முதல் வரி தெரிவதையும் நிறுத்துங்கள்.

பிறருக்கு டாக்டரைச் சொல்லும்போதும் கவனம் தேவை. “என் பேரைச் சொல்லு, நல்லா கவனிப்பாங்க” என்கிறோமே, அந்தப் பாசமான வாக்கியம்தான் இத்தனைக்கும் தொடக்கம். “என் பேரைச் சொல்லணும்னு இல்ல, போய்ப் பாரு” என்று மாற்றிக்கொள்ளலாம். அவர் போனாரா என்று டாக்டரிடம் விசாரிக்கவே வேண்டாம். நீங்கள் கேட்காமலே டாக்டர் சொல்ல ஆரம்பித்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். “வேண்டாம் டாக்டர், அவங்களே சொன்னா கேட்டுக்கறேன்” என்று ஒரு வரி போதும். இனி உங்களைப் பற்றி இன்னொருவரிடம் பேசும் முன்னும் அந்த டாக்டர் ஒரு கணம் யோசிப்பார்.

நன்றி மடல் ஏற்கெனவே வந்துவிட்டதா? அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். யாரைப் பற்றி அந்தச் செய்தி பேசுகிறதோ அவரிடம் மட்டும், நேரில், தனியே சொல்லுங்கள். புகார் செய்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. நீங்கள் முந்திக்கொண்டு ஊரைக் கூட்டினால் ரகசியம் இன்னும் பரவும். அவர் சம்மதித்தால் முதலில் அந்த கிளினிக்கின் பொறுப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள்: எந்தத் தேதியில், எந்த எண்ணிலிருந்து, எந்த எண்ணுக்கு, என்ன செய்தி வந்தது என்று. உங்கள் பெயர்களையும் எண்களையும் பரிந்துரைப் பட்டியலிலிருந்து நீக்கி, நீக்கியதை எழுத்தில் தெரிவிக்கும்படியும் கேளுங்கள். பதில் இல்லையென்றால், மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், மருத்துவமனை மீது மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமும் புகார் கொடுக்கலாம். பல் மருத்துவர் என்றால் பல் மருத்துவக் கவுன்சில். மருத்துவக் கவுன்சிலுக்குத் தரும் புகாரில் 6.4, 7.14 பிரிவுகளின் எண்களைக் குறிப்பிடுங்கள். நோயின் பெயரையும் சிகிச்சையின் விவரத்தையும் எழுத வேண்டிய அவசியம் இல்லை, எழுதாதீர்கள். மருத்துவர் மீதான புகாரில் ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று அதே 2002 விதிகளின் 8.4 பிரிவு சொல்கிறது. கொடுத்த தேதியோடு முத்திரை வாங்கிய நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.